சார்செலிலிருந்து புதுச்சேரிக்கு: லிசேயா, சி.பி.எஸ்.இ.யா, வீடு எந்தப் பக்கம்?

கலா, சார்செல்

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். கல்யாணமாகி பிரான்ஸ் வந்தேன். இப்போது பாரிஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறோம். வீட்டுக்காரர் புதுச்சேரி, சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள். 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர்.

மாமியார் லாஸ்பேட்டையில் தனியாக இருக்கிறார். அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை இன்னும் சரியாகவில்லை. ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டது போதும், நாமே போய்விடுவோம் என்று முடிவெடுத்துவிட்டோம். வீட்டுக்காரர் கம்பெனியில் பேசி, அங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டார். நாலைந்து வருடமாவது இருப்போம். அதற்கப்புறம் திரும்புவோமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கவலையெல்லாம் பிள்ளைகள் படிப்புதான். மகளுக்கு 13 வயது, காத்ரியெம் படிக்கிறாள். நம் ஊரில் அது எட்டாம் வகுப்பு. மகனுக்கு 6 வயது, சேபே, அதாவது ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். மகளுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். மகனுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்காரர் இரண்டு பேரையும் லிசேயில், அதாவது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுப் பள்ளியில், போட வேண்டும் என்கிறார். பேத்தி ஜிப்மரில் டாக்டருக்குப் படிக்க வேண்டும், அதனால் சி.பி.எஸ்.இ.யில் சேர்க்கச் சொல்லி மாமியார் தினமும் போனில் கேட்கிறார். ஆரோவில் பள்ளி நன்றாக இருக்கும் என்று ஒரு தோழி சொல்கிறாள். கடலூரில் இருக்கும் என் அம்மாவோ, மஞ்சக்குப்பத்திலேயே வீடு பார், அங்கிருந்து பிள்ளைகள் வேனில் போய் வரட்டும் என்கிறார்.

எனக்கு ஆசை ஒன்றுதான். பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்கக் கற்று, ஊரில் உள்ள பிள்ளைகளோடு பழக வேண்டும். நாலு வருடம் இருந்துவிட்டு, வந்தபோது இருந்த மாதிரியே வெளிநாட்டுப் பிள்ளைகளாகத் திரும்பிப் போகக் கூடாது.

பள்ளியும் வீடும் எப்படி முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


சந்திரா, முத்தியால்பேட்டை

கலா, வணக்கம். நாங்களும் இதே மாதிரி துலூஸிலிருந்து வந்த குடும்பம்தான். என் மகள் லிசேயில் பாக் (பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு இப்போது லியோனில் படிக்கிறாள். மகன் சின்ன வயதிலேயே இங்கே சி.பி.எஸ்.இ.யில் சேர்ந்தான், இப்போது பத்தாவது. ஒரே வீட்டில் இரண்டு படிப்பையும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்று தொடங்காதீர்கள். இரண்டு பேரின் நிலைமையும் வேறு வேறு. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை எந்த நாட்டில், எந்தப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கப் போகிறது என்று முதலில் யோசியுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் பள்ளி தானாகத் தெரியும். வீடு அதற்கும் பிறகு.

மகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, லிசேதான். அடுத்தது அவளுக்கு த்ருவாசியெம். சி.பி.எஸ்.இ.யில் அதே வருடம் ஒன்பதாம் வகுப்பு, போர்டுப் பதிவு நடக்கும் வருடம். பத்தாவதில் புதிதாகச் சேர்ப்பது மிக அரிது. அதனால் வந்து இறங்கிய கையோடு ஒன்பதில் சேர்ந்து, இதுவரை பிரெஞ்சில் படித்த கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திருப்பிப் படித்து, அடுத்த வருடமே பொதுத்தேர்வு எழுத வேண்டும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஊர் புதுசு, சிநேகிதிகள் எல்லாம் சார்செலில். அந்த வயதுப் பெண்ணின் தலையில் இத்தனையையும் ஒன்றாக ஏற்றாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

லிசேயில் பாடத்திட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது 1826ல் தொடங்கிய பள்ளி. மத்தெர்னெல் (மழலையர் வகுப்பு) முதல் தெர்மினால் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை ஒரே இடத்தில் இருக்கிறது. பிரான்ஸில் பாக் எழுதும் பிள்ளைகளுக்கே புதுச்சேரி பெயர் நன்றாகத் தெரியும். பல வருடங்களாக இங்கே பாக் ஏப்ரலிலேயே நடந்ததால், அங்குள்ளவர்கள் 'பாண்டிச்சேரி கேள்வித்தாள்' என்று தேடி எடுத்துப் பயிற்சி செய்வார்கள். திரும்பிப் போக நேர்ந்தாலும் ஒரு வருடம்கூட வீணாகாது.

செலவு உங்களுக்குப் பெரிய கேள்வியாக இருக்கும், எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும். அங்கே அரசுப் பள்ளியில் இலவசம், இங்கே கட்டணம். பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால் பூர்ஸுக்கு, அதாவது கல்வி உதவித்தொகைக்கு, விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் கான்சுலேட்டில் வெளிநாட்டுவாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் குடும்பம் பதிவாக வேண்டும். பிள்ளை அப்பா அம்மாவில் ஒருவரோடாவது இங்கே குடியிருக்க வேண்டும். நிறையப் பேர் வருமானம் மட்டும்தான் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, வீடு மனை சேமிப்பு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அங்கே ஃபிளாட் இருந்தால், இங்கே குடும்பச் சொத்தில் பங்கு இருந்தால், காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். வருடத்தில் இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகிறார்கள். முதல் சுற்று வருடத் தொடக்கத்தில். இரண்டாவது பள்ளி திறந்தபின், புதிதாக வந்து சேர்ந்தவர்கள் போன்றவர்களுக்காக. உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு சதவீதம் கிடைக்கும் என்று முடிவு வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதல் தவணையைக் கையிலிருந்து கட்டும் நிலையில் வாருங்கள்.

கிளம்பும் முன் பழைய பள்ளியில் 'ராதியாசியோன்' சான்றும் (பள்ளியை விட்டு விலகும் சான்று), மதிப்பெண் பட்டியல்களும், தடுப்பூசி போட்ட கார்னே புத்தகமும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். அங்கே பள்ளி மூடிவிட்டால் ஜூலை ஆகஸ்டில் ஒருவரும் போன் எடுக்க மாட்டார்கள்.

மகனுக்கு ஆறு வயது. அவனுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. ஆங்கிலம் தெரியாதே என்ற பயம் வேண்டாம், அந்த வயதில் ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்வார்கள். என் மகன் பிடித்துக்கொண்டான். நாலு வருடத்தில் கட்டாயம் திரும்புவோம் என்றால் அவனும் லிசேதான். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் மனதில் பாதிக்கு மேல் இருந்தால் சி.பி.எஸ்.இ.யில் சேருங்கள், தமிழை ஒரு பாடமாக எடுக்க வையுங்கள். சேரும்முன் அந்தப் பள்ளியில் தமிழ் எந்த வகுப்பு வரை சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு இந்திக்கோ பிரெஞ்சுக்கோ மாற்றிவிடும் பள்ளிகள் உண்டு.

ஆரோவில் பற்றி. அங்குள்ள பள்ளிகள் முதலில் அங்கே வாழும், அங்கே வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக. வெளியே வீடு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு மட்டும் பிள்ளையை அனுப்புவது என்ற கணக்கு அங்கே சரிவராது. அரவிந்தர் ஆசிரமப் பள்ளியும் அதே மாதிரி தனி உலகம். அருமையான இடம், விளையாட்டும் இசையும் படிப்போடு சேர்ந்தே நடக்கும், ஆனால் அவர்கள் பட்டமோ டிப்ளமோவோ தருவதில்லை. அந்தக் கொள்கையை மனதார ஏற்றுக்கொண்டு சின்ன வயதிலேயே பிள்ளையை விடுகிற குடும்பங்களுக்கு அது பொருந்தும். நாலு வருடத்துக்கு வருகிறவர்களுக்கு அல்ல.


செல்வராசன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

கலாம்மா, உங்கள் மாமியார் சொல்கிற ஜிப்மர் விஷயத்தை மட்டும் நான் விளக்குகிறேன். நீட் எழுதும் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் நடத்தியவன்.

2020 முதல் ஜிப்மருக்குத் தனி நுழைவுத்தேர்வு இல்லை, நீட் வழியாகத்தான். உங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பள்ளி என்று யோசிக்கும் முன் அந்த அட்டைகளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மத்திய அரசு 2021 மார்ச் 4ஆம் தேதி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஓ.சி.ஐ. மாணவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் வெளிநாட்டினருக்கான கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பொது இடங்களுக்கு முடியாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அறிவிக்கை வந்த 2021 மார்ச் 4க்கு முன் அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும். அதன்பின் வாங்கியவர்களுக்குப் புதிய விதி.

பள்ளி மாறினாலும் இந்த விதி மாறாது. சி.பி.எஸ்.இ.யில் படித்தாலும் லிசேயில் படித்தாலும் அட்டையின் தேதிதான் பேசும். இதைத் தெரியாமல், டாக்டர் சீட்டுக்காகவே பிள்ளையின் பாடத்திட்டத்தை மாற்றுகிற பெற்றோரை நினைத்தால் எனக்கு மனம் வருந்துகிறது.

லிசேயிலிருந்து நீட் எழுத முடியுமா என்றால், முடியும். 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்ஸும் ஒருவர் கல்விச் சான்றை ஒருவர் ஏற்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் பாடம் எடுப்பதில் கவனம் வேண்டும். இப்போதுள்ள பாக் முறையில் பிரமியெரில் (பதினொன்றாம் வகுப்பு) மூன்று சிறப்புப் பாடங்கள், தெர்மினாலில் அதில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டு. மருத்துவம் என்றால் இயற்பியல்-வேதியியலும் உயிரியலும் கடைசிவரை இருக்க வேண்டும். விட வேண்டியது கணிதமாகிவிடும். பொறியியல் என்றால் கணிதமும் இயற்பியல்-வேதியியலும், உயிரியல் போய்விடும். நம் பிளஸ் டூவில் நான்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மருத்துவம் இல்லையென்றால் பொறியியல் என்று இரண்டு கதவையும் திறந்து வைக்கலாம். பாக்கில் அந்த வசதி குறைவு. பதினாறு வயதில் முடிவு சொல்ல வேண்டியிருக்கும். மகளுக்கு அறிவியலில் எது பிடிக்கிறது என்று இப்போதிருந்தே கவனித்து வாருங்கள்.

இன்னொன்று. நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியே வரும். லிசேப் பாடம் சிந்திக்கவும், காரணம் காட்டி எழுதவும் நன்றாகக் கற்றுத்தரும். நீட்டோ விரைவாக நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை. உண்மையாகவே மருத்துவம் என்றால் அவள் ஸ்கோந்த் (பத்தாம் வகுப்பு) முடித்தபின் அந்தப் புத்தகங்களைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். அது கடினமான உழைப்பு. ஆசை பாட்டியுடையதா, பிள்ளையுடையதா என்று அவளிடமே கேளுங்கள் அம்மா.


பாஸ்கர், ரெட்டியார்பாளையம்

அக்கா, பள்ளி பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சிவில் என்ஜினியர், வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் அனுப்புவதை விட்டுவிடுங்கள். தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் காலை எட்டு மணிக்குக் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் பாலம் எல்லாம் தாண்டி முருங்கப்பாக்கம், மரப்பாலம் சிக்னல் வந்து சேர்வதற்குள் பிள்ளை களைத்துப்போகும். அந்த ரோட்டில் பேருந்துகள் ஓடுகிற வேகம் உங்களுக்கே தெரியும். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம், நடுவில் ஒரு நாள் அவரே பஸ் ஏறி வரலாம்.

லிசே இருப்பது ஒயிட் டவுனில், அதாவது கடற்கரையோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியில், பெரியாஸ்பத்திரி இருக்கிற அதே விக்தோர் சிமோனெல் வீதியில். நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் எல்லாம் முதலில் அங்கேதான் தேடுவார்கள். அழகான தெருக்கள்தான். ஆனால் பாதி வீடுகள் ஹோட்டலும் ஹோம்ஸ்டேயும் ஆகிவிட்டன. சனி ஞாயிறில் சென்னை, பெங்களூரு வண்டிகள் வந்து நின்றால் உங்கள் வாசலில் உங்கள் வண்டிக்கு இடமிருக்காது. பீச் ரோட்டில் மாலை வண்டி போகக்கூடாது, அதனால் மற்ற தெருக்களில் நெருக்கடி இன்னும் கூடும். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். நிலத்தடி நீரும் உப்பு. படுத்திருக்கும் பெரியவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது சரியான இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி, வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதிப் பக்கம் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அக்கம்பக்கம் பேசிப் பழகுவார்கள். பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஏற்ற இடம். ஆனால் வாடகைக்குக் கிடைப்பது அரிது. தெரிந்தவர் மூலம்தான் வரும்.

இப்போது மழை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அந்த நகர்கள் எல்லாம் பார்க்க அகலமான ரோடு, நல்ல வீடுகள், கடைகள் பக்கம். ஏப்ரல் மே மாதத்தில் வந்து பார்ப்பவர்களுக்குப் பிடித்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், எந்தத் தெருவாக இருந்தாலும் தரகரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டிலும் மூலைக் கடையிலும் போய், 'ஃபெஞ்சலில் தண்ணீர் எதுவரை வந்தது' என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, பாகூர் பக்கமும் கடலூர் குண்டு உப்பலவாடி பக்கமும் மூழ்கியது. அம்மா வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

லாஸ்பேட்டை மேடு. செம்மண் பூமி, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். விமான நிலையம், கல்லூரிகள் எல்லாம் அங்கே இருப்பதால் காற்றோட்டமும் இருக்கிறது. கோரிமேடு ஜிப்மர் பக்கம், மாமியாரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வசதி. சொந்த வீடு அங்கேயே இருக்கும்போது வேறு இடம் எதற்கு என்பதுதான் என் எண்ணம். லிசேக்கு நாலைந்து கிலோமீட்டர். காலையில் ராஜீவ் காந்தி சதுக்கம் வழியாகப் போகாமல், கருவடிக்குப்பம், முத்தியால்பேட்டை வழியாக இறங்கினால் பரவாயில்லை.

எந்த வீடாக இருந்தாலும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2024 ஜூனில் இதே ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து மூன்று உயிர் போனது, அதில் ஒன்று பள்ளி படிக்கும் பெண். கழிவறைக் கோப்பைக்குக் கீழும் தரைச் சல்லடைக்குக் கீழும் தண்ணீர் நிற்கும் வளைவுக் குழாய் இருக்கிறதா, வாயு வெளியேறக் குழாய் கூரைக்கு மேல் போகிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். மாமியார் வீடு பழையது என்றால் நீங்கள் வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.


கலா, சார்செல்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. செல்வராசன் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த உடனே அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். மகளுடையது 2014ல் வாங்கியது. மகனுடையது 2022. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு விதி, தம்பிக்கு ஒரு விதி. இதை இதுவரை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மகளிடமும் கேட்டேன். 'எனக்கு உயிரியல் பிடிக்கும், ஆனால் டாக்டரா என்று தெரியாது' என்றாள்.

அவளுக்கு லிசே என்று முடிவாகிவிட்டது. தம்பியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் இரண்டு பேரும் ஒரே பள்ளி என்றால் ஒரே வண்டியில் போய் வரலாம் என்கிறார். எனக்கு ஒரு பயம். லிசேயில் போட்டால் தமிழ் போய்விடுமா? அங்கே எல்லோரும் பிரெஞ்சிலேயே பேசுவார்களா?


நிவேதா, குருசுக்குப்பம்

அக்கா, நான் மத்தெர்னெலிலிருந்து தெர்மினால் வரை லிசேயில் படித்தவள். பயப்படாதீர்கள். வகுப்பில் பிரெஞ்சு, வெளியே வந்தால் நாங்கள் பேசியது முக்கால்வாசி தமிழ்தான். உங்களைப் போன்ற புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். பாரிஸிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பையன்கள்கூட எங்களோடு பழகி, 'டேய் வாடா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மகன் சார்செலில் பேசுவதைவிட இங்கே அதிகம் தமிழ் பேசுவான்.

எழுதுவதும் படிப்பதும் வேறு விஷயம். பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு, சேரும்போதே அதில் பெயர் கொடுத்துவிடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. எங்கள் பாட்டி சாயங்காலம் தினத்தந்தியை என் கையில் கொடுத்து, கண் தெரியவில்லை, படித்துக் காட்டு என்பார். தலைப்புச் செய்தி, சினிமா, ராசிபலன் எல்லாம் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். எனக்குத் தமிழ் சரளமாக வந்தது அப்படித்தான். உங்கள் மாமியாருக்குக் கை முடியவில்லை என்கிறீர்கள். பேப்பரைப் பிடித்துப் படித்துக்காட்ட ஒரு பேரன் இருந்தால் அவருக்கும் நன்றாக இருக்கும்.

ஒயிட் டவுனில் ரோமென் ரோலாந்து நூலகம் இருக்கிறது, பள்ளிக்குப் பக்கம். பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் புத்தகம் கிடைக்கும். ஞாயிறு காந்தி வீதிச் சந்தைக்கு அவர்களைக் கையில் காசு கொடுத்து அனுப்புங்கள், பேரம் பேசியே தமிழ் வந்துவிடும்.

மகளைப் பற்றியும் ஒன்று. அந்த வயதில் புதிதாக வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதம் பேச மாட்டார்கள், எல்லாவற்றையும் பிரான்ஸோடு ஒப்பிடுவார்கள். தெருவில் ஆட்கள் உற்றுப் பார்ப்பதும், தனியாக எங்கேயும் போக விடாததும்தான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். சார்செலில் தானாகப் பஸ் ஏறிப் போயிருப்பாள். இங்கே சைக்கிளாவது வாங்கிக்கொடுங்கள். லாஸ்பேட்டையில் காலையில் விமான நிலையப் பக்கம் நிறையப் பேர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், அவளும் போகட்டும். அவளுக்கென்று கொஞ்சம் சுதந்திரம் இருந்தால் சீக்கிரம் பழகிவிடுவாள்.


சந்திரா, முத்தியால்பேட்டை

கலா, அட்டைத் தேதி தெரிந்தபின் தம்பி விஷயமும் கொஞ்சம் தெளிவாகிறது. அவனுக்கு இங்கே பொது இடங்களில் கதவு மூடியிருக்கும் என்றால், பிரான்ஸில் படிக்கும் வழியைத் திறந்தே வைப்பதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால் அவனும் லிசேதான். இடையில் திரும்பினாலும் பிரச்சினை இல்லை. பூர்ஸ் விண்ணப்பத்திலும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கோப்பில் காட்டலாம்.

நான் முதலில் சி.பி.எஸ்.இ.யும் ஒரு வழி என்று எழுதியது இங்கேயே தங்கும் குடும்பத்துக்காக. என் மகன் அப்படித்தான். அவனுக்கு இந்த ஊர்தான் எல்லாம், அவனுடைய நண்பர்கள் முத்தியால்பேட்டை கடைத்தெருவில் இருக்கிறார்கள். அதில் எனக்கு முழுச் சந்தோஷம். ஆனால் உங்கள் வீட்டில் அந்த முடிவு இன்னும் எடுக்கவில்லை. எடுக்காத முடிவைப் பிள்ளையின் பள்ளியை வைத்து எடுத்துவிடாதீர்கள்.

பள்ளியில் இடம் உறுதியாகும் முன் டிக்கெட் போட வேண்டாம். பிரான்ஸ் பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்காமல் எடுப்பது வழக்கம், ஆனால் வகுப்பில் இடம் இருக்க வேண்டுமே. இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள். நடுவில் ஏதாவது தாமதம் ஆனால், அங்கே அஞ்சல்வழிப் பாடம் நடத்தும் க்னெத் இருக்கிறதே, அதில் பிரெஞ்சுப் பாடத்தை வீட்டிலிருந்தே தொடரலாம். மகளுக்கு ஒரு சில மாதம் அப்படிப் போனாலும் தவறில்லை. சின்னவனுக்கு வேண்டாம், அவனுக்குப் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய வயது.

போக்குவரத்துக்கு லாஸ்பேட்டையிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் வைத்துக்கொள்கிறார்கள். ஓட்டுநருக்கு உரிமம் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார், பிள்ளையை இறக்கிவிட்டு வாசல் உள்ளே போகும்வரை நிற்கிறாரா என்று பாருங்கள். ஆட்டோ என்றால் மாத வாடகையை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள், மீட்டர் எதிர்பார்க்க வேண்டாம். மழை நாளில் பள்ளி விடுமுறை அறிவிப்பது பெரும்பாலும் காலையில்தான் தெரியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை காலை ஆறு மணிக்கே செய்தி பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்குவது முடிந்தால் பள்ளி திறப்பதற்குச் சில வாரம் முன்பாக இருக்கட்டும். மாமியார் வீட்டில் பிளம்பிங் வேலை முடித்து, மாடியில் பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கி வையுங்கள். பாஸ்கர் சொன்ன பரிசோதனைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், எங்கள் தெரு பிளம்பரை நானே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு உங்களுக்குப் படம் அனுப்புகிறேன்.